ஒரே அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்ததும் தூங்குகிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னை முன்பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். இனி கண் பார்க்கிற வேலை. சுவரில் எழுத்துப் பலகை, எதிரே நாற்காலி. "மேல் வரியப் படிங்க... இப்ப அதுக்குக் கீழ" என்று நாள் முழுக்க ஒரே பாட்டு.

அதைவிடப் பெரிய சேதி, நான் தோட்டக்காரி ஆகிவிட்டேன்! எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் உடைந்த நாற்காலியும் பழைய டயரும் கொட்டிக்கிடந்த மனை ஒன்று உண்டு. வீட்டுக்காரர், "குப்பைய அள்ளிட்டு என்ன வேணா நட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். ஒருத்தி எதிர் அறைக்காரி, மருந்துக்கடையில் வேலை. அவள் வாளியைத் தொட்டாலே வெள்ளம், அதனால் மழை என்று பெயர் வைத்துவிட்டோம். இன்னொருவர் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற அக்கா. எங்கள் மூன்று பேருக்குமே தோட்டம் புதிது. ஆனால் அக்காவுக்கு என்ன கைராசி தெரியுமா! அக்காதான் முதலில் மண்ணைக் கொத்தினார். அக்காதான் பாத்தி பிரித்தார். அக்கா பேசினால் சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. நேற்று சேர்ந்து தக்காளிக் கண்ணும் கத்திரிக் கண்ணும் வைத்தோம். அக்கா வைத்த கண்ணு ஒன்றுகூட வாடவில்லை!

உன் தையல் எப்படிப் போகிறது? சீருடை ஆர்டர் வந்துவிட்டதா?

உன் அன்புள்ள
வாலு

*

பிப்ரவரி 20

வாலுக்கு,

நான் சௌக்கியம்தான். நீ சௌக்கியம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மனக்கவலை இருக்கிறவள் இத்தனை ஆச்சரியக்குறி போடமாட்டாள்.

முதலில் எழுத்துப்பிழை. செடி என்றால் கன்று. 'கண்ணு வைத்தோம்' என்றால் யாரையோ பார்த்துப் பொறாமைப்பட்டோம் என்று அர்த்தமாகிவிடும். வாயால் எப்படி வேண்டுமானாலும் பேசு, எழுதும்போது நான் சொல்லிக்கொடுத்தபடி எழுது.

அடுத்தது. 'அக்காதான் மண்ணைக் கொத்தினார்' என்று படித்ததும், நான் எப்போது கொத்தினேன் என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். அன்புள்ள அக்காவுக்கு என்று ஆரம்பித்துவிட்டு, பக்கம் முழுக்க இன்னொருத்தியை அக்கா அக்கா என்றால் படிக்கிறவள் எதை யார் கணக்கில் எழுதுவது? மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும், மரியாதை, எனக்கும் தெரியும். நேரில் ஆயிரம் முறை கூப்பிட்டுக்கொள். எனக்கு எழுதுகிற கடிதத்தில் அந்தச் சொல் எனக்கு மட்டும். விலா வலிக்கச் சிரிக்க வைக்கிறாளாமே. நான் இத்தனை வருஷம் உன்னை அழவா வைத்தேன்?

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். கீழ்வீட்டுப் போனைக் கொஞ்ச நேரம் பிடித்தாலே அந்த அம்மா முகம் சுருங்குகிறது.

சீருடை வந்திருக்கிறது. இப்போது வருகிற பல்புகளில் வெளிச்சமே இல்லை. ஊசியின் காதையும் சின்னதாக்கிவிட்டார்கள். எல்லாவற்றிலும் கஞ்சத்தனம். ஜூன் லீவுக்கு வருகிறாய் அல்லவா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் ஒரே அக்கா

*

மார்ச் 8

என் ஒரே அக்காவுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்ற தைரியத்தில் வணக்கம். எனக்கு லேசாக ஜலதோஷம், மற்றபடி குறையில்லை. ஜூனில் வராமல் எங்கே போகப் போகிறேன்?

உத்தரவுப்படி அந்த அம்மாவுக்கு இனி இந்தக் கடிதங்களில் 'தபால்' என்று பெயர். போதுமா? உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று சொல்கிறேன். தபாலைப் பார்த்தால் எனக்கே இப்போது வயிறு எரிகிறது. ஒரே நாளில், ஒரே பாக்கெட்டிலிருந்து வெண்டை விதைத்தோம். அவள் பாத்தியில் வரிசையாக எழுந்து நிற்கிறது. என் பாத்தி வழுக்கைத் தலை. அவளும் பாக்கெட்டின் முதுகைப் படித்துத்தான் செய்கிறாள். நானும் அதே முதுகைத்தான் படித்தேன்.

விதை உயிரோடு இருக்கிறதா என்று நான் காலையில் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது வழக்கம். அதைத் தபால் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, தினமும் போர்வைய இழுத்துப் பாத்தா அது எப்ப தூங்கி எப்ப எந்திரிக்கும்?"

மழை வாளியோடு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாளித் தண்ணீரும் என் பாத்தியில்தான் கொட்டியது.

உன் கடிதம் வந்த அன்றும் அவள்தான் சொன்னாள், "உங்கக்கா லெட்டர் வந்திருக்கு, நாளைக்குக் கைக்கு வந்துரும்" என்று. எனக்கு வரும் கடிதத்தை எனக்கு முன்னால் அவள் கை தொடுகிறது. என்ன வேலை பார் இது.

இப்போது மூன்று பேரும் பூசணி விதை போட்டிருக்கிறோம். இதில் விடமாட்டேன்.

உன்
வாலு

*

மார்ச் 30

வாலுக்கு,

ஜலதோஷம் போயிற்றா? ஈரத்தில் நிற்காதே. எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் கடிதத்தை அவள் தொடுவதை நினைத்தால் நெஞ்சுக்குள் புகைகிறது. இந்த உறைக்குப் பசையை இரட்டிப்பாகத் தடவியிருக்கிறேன். பிரிக்கும்போது கிழிந்தால் என்னைத் திட்டாதே, அவளைத் திட்டு.

உன் தபாலுக்கு மட்டும்தான் கைராசியா? நானும் மாடிப்படியில் இரண்டு பழைய பெயின்ட் வாளி வைத்து மிளகாய் விதை போட்டிருக்கிறேன். முளைத்தும்விட்டது. தினமும் காலையில் தடவிப் பார்க்கிறேன். கூடவே களையும் வருகிறது, அதையெல்லாம் உடனுக்குடன் பிடுங்கிவிடுகிறேன். நான் மூன்று பேரைக் கூட்டு சேர்த்துக்கொண்டா செய்கிறேன்? தன்னந்தனியாக.

சீருடையில் ஒரு சின்னத் தகராறு. ஒரு சட்டைக்குத் துணியின் உள்பக்கத்தை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். கீழ்வீட்டம்மா வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவள்தான் காரணம்.

ஜூனில் நீ வந்தால் எனக்குத் துணையாக ஓரிடத்துக்கு வர வேண்டியிருக்கும். பெரிய விஷயமில்லை. நேரில் சொல்கிறேன்.

உன்
அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மிளகாய் காய்த்துவிட்டதா?

இங்கே நடந்த அக்கிரமத்தைக் கேள். என் பூசணிக்கொடி அவளுடையதைவிட வேகமாக ஓடியது. மஞ்சள் மஞ்சளாய்ப் பூ. சில பூவுக்குக் கீழே குட்டிக் காய் மாதிரி ஒரு உருண்டை இருக்கிறது, பலவற்றுக்கு வெறும் காம்புதான். காய்க்காத பூ கொடியின் சத்தை வீணாக உறிஞ்சுகிறது என்று முடிவு கட்டி, வெறும் காம்புப் பூவையெல்லாம் காலையில் பறித்துப் போட்டேன். அறைக்குக் கொண்டுபோய்த் தம்ளரில் வைத்து அழகு வேறு பார்த்தேன். உருண்டைகள் பழுத்துப் பழுத்து உதிர்கின்றன. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. கடைசியில் தபால் பாக்கெட்டின் முதுகைக் காட்டினாள்.

"நீ பறிச்சதெல்லாம் ஆண் பூ. அத மொத்தமா ஒழிச்சுட்டு, இது தனியா எப்படிக் காய்க்கும்?"

நான் முதுகின் கடைசி வரியைப் படிக்கவில்லை.

அவள் கொடியில் ஒன்று பிடித்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்து ஆகா ஓகோ என்கிறார்கள். பொறுக்கமுடியாமல் நேற்று அதன் மேல் நாலு இலையை இழுத்து மூடிவிட்டேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான். அவள் வந்து பார்த்துவிட்டு, "வெயில் படாம மூடி வெச்சியா? நல்ல வேலை செஞ்ச" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இப்போது பூவைத் தொடாமல் விட்டிருக்கிறேன், ஜூனில்தான் பிடிக்கும். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் மழை வெள்ளத்தில் அடித்துவிடுவாள். லீவைத் தள்ளிவைத்துக்கொள்கிறேன். அந்த இடத்துக்கு நாம் அப்புறம் போகலாமா? அக்காகூட, "உங்கக்கா புரிஞ்சுக்குவாங்க"ன்னாங்க.

உன்
வாலு

*

மே 29

வாலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன்.

வராவிட்டால் பரவாயில்லை. பூசணிதானே முக்கியம். நான் போக வேண்டிய இடம் ஓடிவிடாது, தள்ளிப்போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அக்கா என்று யாரைச் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்குப் புரியவில்லை. நான் எதையும் புரிந்துகொள்வேன் என்று நான் சொன்னதாக ஞாபகமில்லை.

என் மிளகாய்ச் செடி முழங்கை உயரம் வந்துவிட்டது. இலை பூனைக்குட்டியின் காது போல மெத்தென்று இருக்கிறது. ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். உன் தபாலிடம் காட்டு. கைராசி யாருக்கு என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

தாள் நிறையக் கிடக்கிறது, அதனால்தான் பெரிதாக எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமாக இருக்கிறாய் என்று உறையைப் பிரித்ததுமே தெரிந்தது. நாலு வரி எழுதிப் பக்கத்தை நிரப்பிவிட்டாயே! ஆனால் அந்த இலையால் என் கவலையெல்லாம் பறந்தது. என் அருமை அக்கா, அது மிளகாயே இல்லை! சுத்தமான களை! எங்கள் வேலியோரம் கூடை கூடையாகப் பிடுங்கி எறிகிறோம். நீ முழங்கை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாய்!

சாயங்காலம் தோட்டத்தில் உன் கடிதத்தை இருவருக்கும் படித்துக் காட்டினேன். "எங்கக்காவுக்கு மிளகாச் செடிகூடத் தெரியல" என்றேன். மழைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. தபாலும் சிரித்தாள். ஆனால் அப்புறம் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, எழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கொடுக்கவும் இல்லை. நான்தான் வெடுக்கென்று பிடுங்கினேன். நீ எனக்கு எழுதியதில் அவளுக்கு என்ன அவ்வளவு ஆராய்ச்சி? எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிடு. களைக்கும் ஒரு வாய் தண்ணீர் ஊற்று.

உன்
வாலு

*

ஜூன் 10

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். முகம் அறியாதவள் எழுதுகிறேன். உங்கள் தங்கையோடு தோட்டம் போடுகிற தபால் நிலையத்துக்காரி. நீங்கள் என்னை எப்படிக் குறிப்பிடுவீர்கள் என்று தெரியாது, நல்லவிதமாக இருக்காது என்று மட்டும் தெரியும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். உங்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்றுதான் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

'அக்காவுக்கு மிளகாய்ச் செடிகூடத் தெரியல' என்று உங்கள் தங்கை சொன்னபோது நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் அந்தச் சொல்லே என்னை நிறுத்திவிட்டது. தெரியல என்றால் அறியவில்லை என்றும் ஆகும். பார்வைக்குப் படவில்லை என்றும் ஆகும். மிளகாய் இலை வழவழப்பாக இருக்கும் என்று ஒரு தையல்காரருக்கா தெரியாது? துணியைத் தொட்டே ரகம் சொல்கிறவர் நீங்கள் என்று அவள் ஓயாமல் பீற்றிக்கொள்வாளே. நான் நாளெல்லாம் உறைகளை முகவரி பார்த்துப் பிரிக்கிறவள். பிப்ரவரியில் நீங்கள் எழுதிய முகவரி நேர்க்கோட்டில் இருந்தது. இப்போது வரி மேலே ஏறுகிறது, ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறது.

அவளிடம் சொல்லவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் பார்ப்பவள், நான் சொல்லித் தெரிந்துகொண்டால் தாங்கமாட்டாள். நீங்கள் சொல்வதுதான் முறை. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு லீவு நிறைய இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். 'எங்கக்கா இப்படி, எங்கக்கா அப்படி' என்று அவள் ஆரம்பித்தால் எனக்குக் காந்தும். எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். அக்கா என்று சொல்ல எனக்கு யாரும் இருந்ததில்லை. இந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். கோபம் வேண்டாம்.

வணக்கத்துடன்,
தபால் நிலையத்துக்காரி

*

ஜூன் 24

தபால் நிலைய அம்மாவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. நீங்களும் நலமாக இருங்கள். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

என் கடிதத்தை ஆராயச் சொல்லி உங்களிடம் யார் கேட்டது? என் தங்கை கவனிக்காததை நீங்கள் கவனித்துவிட்டீர்கள் என்று எனக்கு எழுதிக் காட்டுகிறீர்களா? இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணைப் பற்றிய கவலையில் இல்லை. கண்டுபிடித்தது நீங்களாகப் போய்விட்டதே என்ற எரிச்சலில்.

ஆமாம், இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் லீவைக் கணக்குப் பண்ணித்தான் ஜூனில் நாள் குறித்திருந்தேன். பூசணி குறுக்கே வந்தது. இப்போது கையால் தடவித்தான் தையல். சீருடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. கையை விட்டு இந்த வேலை போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

அவளிடம் நீ சொல்லாதே. சொன்னால் ஓடிவருவாள். சொல்லி வரவழைத்தால் அது எனக்காக வந்ததாகுமா? அவளாகக் கேட்க வேண்டும். நீயும் வராதே.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா

மிளகாய்க்கு எந்த மாதத்தில் மறுபடி விதை போடலாம்? பாக்கெட்டின் முதுகில் இருந்தால் பார்த்து எழுது.

*

ஜூலை 1

அக்கா,

நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாய்.

நேற்று தபால்தலை வாங்கப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் அவள் மேசையில் ஒரு உறை. உன் கையெழுத்து! எனக்கு வந்ததாக்கும் என்று கையை நீட்டினேன். அவள் சட்டென்று மேலே ஒரு ஃபைலை வைத்து மறைத்தாள்.

"அது எனக்கு வந்தது."

"எங்கக்கா எதுக்கு உங்களுக்கு எழுதணும்?"

"அத உங்கக்காவையே கேளு."

எனக்குத் தலைக்குள் என்னமோ ஆயிற்று. அவள் திரும்பிய நேரத்தில் ஃபைலைத் தள்ளி அந்த உறையை எடுத்துவிட்டேன். பிரிக்கவில்லை, சத்தியமாக. மேலே எழுதியிருந்த அவள் பெயரையே முறைத்துக்கொண்டு நின்றேன். என் பெயரை எழுதுகிற அதே கையால், அதே மாதிரி கடைசி எழுத்தைச் சுழித்து, அவள் பெயரை எழுதியிருக்கிறாயே என்று. அப்படி முறைத்தபோதுதான் பார்த்தேன். முதல் வரியின் மேலேயே இரண்டாவது வரி ஓடுகிறது. தெருப் பெயர் தாளின் ஓரத்தைத் தாண்டிக் காற்றில் போய்விட்டது. தபால்தலையைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறாய்.

அறைக்கு ஓடிவந்து உன் கடிதங்களை வரிசையாகத் தரையில் பரப்பினேன். பல்பில் வெளிச்சமில்லை, ஊசியின் காது சின்னது, உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்த சட்டை, பூனைக்குட்டிக் காது. எல்லாவற்றையும் நீ எழுதியே இருக்கிறாய். நான் பூசணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எத்தனை நாளாக? எந்தக் கண்? அந்த "ஓரிடம்" ஆஸ்பத்திரிதானே? இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே நானும் வருகிறேன். பூசணியை மழை அடித்துக்கொண்டு போகட்டும். நீ ஒன்றும் பேசாதே, நாற்காலியில் உட்கார்ந்திரு.

வாலு

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள்கிறாயா? தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதே. குனியாதே. தையல் மெஷினுக்குப் பக்கத்தில்கூடப் போகாதே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன். நேரிலேயே கேட்டிருப்பேன். அப்போதுதான் கட்டுப் பிரித்த கண்ணோடு இருப்பவளிடம் எப்படிக் கேட்பது?

தபாலை யார் வரச் சொன்னது? பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து இருக்கையில் மடியில் பூசணிக்காயோடு அவள். "லீவு சும்மா கெடக்கு" என்றாள். சரி, உதவியாகத்தான் இருந்தாள். ஆபரேஷனுக்கு மறுநாள் நான் மாத்திரை வாங்கக் கீழே போனேன். வரிசை நீளம். திரும்பி வருவதற்குள் உன் கட்டைப் பிரித்துவிட்டார்கள். புதுக் கண்ணால் நீ முதலில் பார்த்தது அவள் முகத்தை! நான் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற அக்கா, முதலில் பார்த்தது நேற்று வந்தவளை! அதோடு விட்டாயா? நான் உள்ளே நுழையும்போது, "தங்கச்சி, அந்தத் தண்ணிய எடு" என்கிறாய். நான் எடுக்கப் போனால் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாய்!

எனக்கு அவள் அக்கா என்றால், உனக்கு அவள் தங்கச்சி. முறைப்படி சரிதான். ஆனால் அந்தச் சொல் எனக்கு மட்டும். நேரிலும் கூடாது, கடிதத்திலும் கூடாது. திரும்பி வரும் பேருந்தில் வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

என் கொடியில் ஒரு பூசணி பிடித்திருக்கிறது, கைமுட்டி அளவு. அதைக்கூட உனக்குச் சொல்ல மனசில்லாமல்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கச்சி (இன்னும் அப்படித்தானே?)

*

ஆகஸ்ட் 14

என் வாலுக்கு,

வலது கண் நலம், இடது கண் தன் முறைக்குக் காத்திருக்கிறது, மற்ற உறுப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. உனக்கு மூக்கு நுனியில் கோபம் தவிர வேறு வியாதி இல்லை என்று தெரிந்து நிம்மதி.

இந்த எழுத்தைப் பார்த்தாயா? எப்படிக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது! உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். எத்தனை பிழை! ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இப்போது எனக்குத்தான் 'கண்ணு வைத்திருக்கிறார்கள்'. ஆகவே அந்தப் பிழையை மட்டும் மன்னித்தேன்.

முதல் வேலையாகப் படியில் போய் வாளியைப் பார்த்தேன். களைதான். களை என்று நினைத்து நான் பிடுங்கி எறிந்ததெல்லாம் மிளகாய்க் கன்றுகளாகத்தான் இருந்திருக்கும். இருந்தாலும் இதைப் பிடுங்கக் கை வரவில்லை. ஒரு வாளியில் அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்றில் மறுபடி விதை போட்டிருக்கிறேன். பாக்கெட்டின் முதுகைக் கடைசி வரிவரை நானே படித்தேன்.

இப்போது உன் சண்டைக்கு வருகிறேன். நான் முதலில் பார்த்தது அவளைத்தான். மறுக்கவில்லை. இத்தனை மாதம் என்னை எரியவைத்தவள் எப்படித்தான் இருப்பாள் என்று எனக்கும் ஆவல் இருந்தது. பார்த்தால் குள்ளமாக, காதோரம் நரைத்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். இதற்கா இவ்வளவு பட்டோம் என்று இருந்தது. நர்ஸ், "என்ன தெரியுது? சொல்லுங்க" என்று கேட்டாள். அவளும் ஆசையாக முகத்தை என் பக்கம் நீட்டினாள். நான் அப்போது என்ன சொன்னேன் என்று உன்னிடம் சொன்னாளா? சொல்லியிருக்கமாட்டாள், பொறாமைக்காரி.

"கொஞ்சம் நகரும்மா, வாசல் தெரியல" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. அதனால்தான் ஒரு தடவை தங்கச்சி என்று கூப்பிட்டு வைத்தேன். அதற்குள் நீ மாத்திரைப் பொட்டலத்தோடு, தலையைக்கூட வாராமல், வாசலில் வந்து நின்றாய். நெற்றியில் உனக்கு ஒரு சின்னத் தழும்பு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

டிசம்பரில் இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். லீவு போட்டுவிடு. பூசணியை மழையிடம் ஒப்படை. உன் தபாலையும் கூட்டிக்கொண்டு வா, பாவம், ஆசைப்படுகிறாள். ஆனால் வாசலை மறைக்காமல் ஓரமாக உட்காரச் சொல்.

உன் ஒரே
அக்கா